39,000 ஏரிகளும் ஏழு கோடிப் பேரும்

ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று ஊருக்கொரு பெயரில் அரசு ஏடுகளில் உள்ள பாசன நீர்நிலைகள் சுமார் 39,000. வகுத்துப் பார்த்தால் ஓர் ஏரிக்கு ஏறத்தாழ 1,850 பேர். ஒரு நடுத்தரக் கிராமத்தின் அளவு இது. ஒரு கிராமம் ஓர் ஏரியைப் பார்த்துக்கொள்ள முடியாதா? முடியும் என்பதற்குச் சில நூற்றாண்டுச் சரித்திரமே சாட்சி. ஆனால் நாம் அந்த வகுத்தலைச் செய்யவே இல்லை. ஒவ்வோர் ஏரிக்கும் ஏழு கோடிப் பேருமே சொந்தக்காரர்கள் என்று பொத்தாம்பொதுவாக விட்டுவிட்டோம். ஏழு கோடிப் பேருக்குச் சொந்தமான ஒன்றை எந்த வீட்டுக்காரர் மண்வெட்டி எடுத்துப் போய்த் தூர்வாருவார்?

ஏரிகள் போனதைப் பற்றிப் பேச்சு வந்தால் குற்றவாளிகள் பட்டியல் நம் நாக்கு நுனியில் இருக்கும். ஆக்கிரமித்தவர், பட்டா கொடுத்தவர், கண்டுகொள்ளாத அதிகாரி, கமிஷன் வாங்கியவர், மண் அள்ளியவர். பட்டியலில் பொய் ஏதும் இல்லை. அதில் விடுபட்டுப் போன பெயர் ஒன்றை எழுதிச் சேர்ப்பதே இங்கே நோக்கம். ஆழ்துளைக் கிணறு போட்டதும் வாய்க்கால் வெட்ட வராமல் நின்றுகொண்ட விவசாயி, ஏரியின் உள்வாயில் மலிவாக மனை வாங்கிய நகரத்துக் குடும்பம், சோழர் கால நீர் மேலாண்மையை மேடையில் புகழ்ந்துவிட்டுத் தன் ஊர்க் கண்மாயின் கலிங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத பேச்சாளர், இதைப் பற்றியெல்லாம் கட்டுரை எழுதும் கூட்டம், படிக்கும் கூட்டம் என எல்லோரும் சேர்ந்த ‘நாம்’தான் அந்தப் பெயர்.

கயிறும் புகையும்

‘சனங்க முன்ன மாதிரி இல்ல’ என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். மனிதரின் குணமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டால், அதன்பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. குணத்தைக் காட்டிலும் சூழலும் கூட்டத்தின் அளவும் மனிதரை ஆட்டிவைக்கின்றன என்று காட்டும் ஆய்வுகள் நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டன.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன், ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அவர்களின் இழுவிசையை அளந்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். தனியாக இழுத்தபோது ஒருவர் காட்டிய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டுப் பேராக இழுத்தபோது அவர் காட்டினார். எல்லோரும் ஒரே நொடியில் ஒரே திசையில் இழுக்க முடியாதது ஒரு காரணம். தன் பங்கு தனியே தெரியாது என்பதால் கை தானாகத் தளர்வது இன்னொரு காரணம். பின்னாளில் கைதட்டவும் கூச்சலிடவும் சொல்லி நடத்திய சோதனைகளிலும் இந்தத் தளர்வு தெரிந்தது.

1968இல் அமெரிக்க உளவியலாளர்கள் பிப் லடானேயும் ஜான் டார்லியும் வேறொரு சோதனை செய்தார்கள். ஒருவர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவர்த் துளை வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்காருமாறு முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவர் பக்கத்தில் இருந்தபோது, எழுந்து போனவர்கள் 10 விழுக்காடுதான். மற்றவர்கள் கண்ணெரிச்சலோடு, இருமலோடு படிவத்தை நிரப்பினார்கள். அவர்கள் கோழைகள் அல்லர். பக்கத்தில் இருப்பவர் முகத்தில் பதற்றம் இல்லை என்பதைப் பார்த்து, இது ஆபத்தில்லை என்று முடிவுசெய்தவர்கள். பக்கத்தில் இருப்பவரும் இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் நடந்ததும் இதுதான். முதல் லாரி வந்து கட்டட இடிபாட்டைக் கொட்டிய அன்று அந்த வழியாக நாமும் போனோம். பால் வாங்கப் போனவரும் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிட்டவரும் பேசாமல் போனார்கள். அவர்கள் பேசவில்லை என்பதால் நாம் பேசவில்லை. நாம் பேசவில்லை என்பதால் அடுத்த லாரி வந்தது. லாரி எண்ணைக் குறித்து யாராவது புகார் கொடுத்திருப்பார்கள் என்று எல்லோரும் நம்பினோம்; அந்த யாராவது எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை.

கூட்டம் என்றாலே கெடுதல் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வொன்று, பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவராவது உள்ளே புகுந்து விலக்கினார் என்கிறது. ஆட்கள் கூடுதலாக இருந்த இடத்தில் அந்த வாய்ப்பும் கூடுதலாகவே இருந்தது. சண்டையில் அடிபடுபவர் கண்ணெதிரே இருக்கிறார், நேரமும் நெருக்குகிறது. ஏரி சாக இருபது வருடம் எடுத்துக்கொள்கிறது. அதன் எந்த ஒரு நாளும் அவசர நாளாக நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே எண்ணிக்கை மட்டும் குற்றவாளி ஆகாது. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்தால் புரியும். ஆயிரம் பேர் வடம் பிடிக்கிற இடத்தில் ரிங்கெல்மன் கணக்குப்படி பாதிப் பலம்தான் இறங்கும் என்றாலும் தேர் நகர்கிறது. முட்டுக்கட்டை போடுபவர் யார், எந்த வடம் எந்தத் தெருவுக்கு, எந்த முனையில் நிறுத்தித் திருப்புவது என்று வேலை பெயர் பெயராகப் பிரிந்திருக்கிறது. தேர் நின்றுவிட்டால் அது நின்றது ஊர் முழுக்கத் தெரிகிறது. கூட்டம் பெரிதாக இருந்தும் பங்கு பிரிந்திருப்பதால் காரியம் நடக்கிறது. ஏரியில் நாம் பங்கைப் பிரிக்கவில்லை.

பாதி மட்டும் சொன்ன பழம்பெருமை

முன்பு பிரித்திருந்தார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பொதுஆண்டு 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகள் என்னும் பகுதிகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்து, அவர்களிலிருந்து ஆறு பேரை ஏரி வாரியத்தில் அமர்த்தினார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது; அவருடைய உறவினரும் வர முடியாது. ஊருக்கு ஆறு பேர், அவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஓராண்டு முடிந்தால் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு கூட்டத்தை ஆட்களாகப் பிரித்துவிடுகிறது.

இதை மேடைக்கு மேடை சொல்லும் நாம் மிச்சத்தைச் சொல்வதில்லை. உத்திரமேரூர் பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். அந்த ஏரியில் மண் சுமந்தவர்கள் அந்தக் குடத்தில் இல்லை.

ஊராரே நீர்நிலையைப் பராமரித்த பிற்காலக் குடிமராமத்தும் இப்படித்தான். ஏரியில் மடை திறப்பது, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, ஐப்பசி கார்த்திகை இரவுகளில் கரையில் அரிப்பு எடுக்கிறதா என்று நடந்து பார்ப்பது, உடைப்பு என்றால் ஊரை எழுப்புவது எல்லாம் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறிய சிலரின் வேலை. பெரும்பாலான ஊர்களில் அவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். அறுவடை முடிந்து களத்தில் நெல்லாக அளந்ததே கூலி. வர மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்தக் கட்டாயத்துக்குச் சட்டத்தின் பலத்தையும் சேர்க்க, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே இயற்றப்பட்டது. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களில் களஆய்வு செய்த மானுடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளிவந்த தம் நூலில், ஏரி நிர்வாகம் ஊரின் சாதி அதிகாரத்தோடு எப்படிப் பின்னிக்கிடந்தது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். சிறிய கூட்டத்தில் ஒருவரையொருவர் தெரியும். அதனால்தான் ஒத்துழைப்பு சுலபம். அதனால்தான் அடக்குவதும் சுலபம். சிவகங்கைப் பகுதியின் கண்டதேவியில் வடத்தை யார் பிடிப்பது என்ற சாதித் தகராறில் தேரே பல ஆண்டுகள் ஓடாமல் நின்றதை நாம் பார்த்தோம்.

நீர்க்கட்டியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போனார்கள். அவர்கள் போனது நியாயம். போகாமல் இருந்திருந்தால்தான் அநியாயம். அதன்பிறகு ஊர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வேலைக்கு மரியாதையான மாதச் சம்பளம் போட்டு, எந்தச் சாதிக்காரரும் விரும்பி வரும் வேலையாக அதை மாற்றியிருக்க வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை. ‘ஆள் கிடைக்கல’ என்றோம். ஆள் கிடைக்காமல் போனது மூன்று மரக்கால் நெல்லுக்கும் நாலு ஏச்சுக்கும். நம் கூட்டுக் குற்றத்தில் தலையாயது இதுதான்: கட்டாய உழைப்பில் கிடைத்த தண்ணீரைக் குடித்தோம், கட்டாயம் போனதும் கூலி கொடுக்க மனமில்லாமல் ஏரியையே கைவிட்டோம்.

வசதியானவர் முதலில் போனார்

நிலம் உள்ளவர்கள் பக்கம் என்ன நடந்தது? பம்புசெட் வந்தது. பின்னால் ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் வந்தன. ஏரித் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கிணறு உள்ளவர் நடவு நட்டார். வரத்துக்கால் வெட்ட ஊர்க்கூட்டம் போட்டபோது அவர் வரவில்லை. அவர் யார்? ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கும் ஆள், தாலுகா அலுவலகத்தில் மனு எழுதத் தெரிந்த ஆள், டிராக்டர் வைத்திருக்கும் ஆள். கூட்டத்திலிருந்து ஒருவர்தான் குறைந்தார். ஆனால் கூட்டத்தைக் கூட்டுகிறவரே போய்விட்டார். மிஞ்சியவர்கள் கிணறு வெட்ட வசதியில்லாத சிறு விவசாயிகள். அவர்களுக்குத் தேவை இருந்தது, குரல் இல்லை. 1960களில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேருக்கு நீர் தந்த ஏரிப்பாசனம் அடுத்தடுத்து வந்த பத்தாண்டுகளில் வெகுவாகச் சுருங்கியதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபோது நிலத்தோடு நீர்நிலைகளும் கைமாறின. ஜமீன் ஒழிந்தது நல்லதே. பிற்பாடு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். மீன் ஏலமும் மர ஏலமும் ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து அரசுக் கணக்குக்குப் போயின. ஏரி ஒரு கோப்பாக மாறியது. அன்று ஊர் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசாததற்கு ஒரு காரணம், நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று உள்ளுக்குள் தோன்றிய நிம்மதி. அந்த நிம்மதியில்தான் சீமைக்கருவேலம் முளைத்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. விவசாயிகளே பாசன அமைப்புகளை நிர்வகிக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நிலம் வைத்திருப்பவரே அதில் உறுப்பினர். மாடு கழுவுகிறவர், மீன் பிடிக்கிறவர், கூலிக்கு நடவு நடுகிறவர், பட்டா தம் பெயரில் இல்லாத பெண்கள் ஆகியோருக்கு அதில் இடமில்லை. அது ஏன் என்று நாம் கேட்கவில்லை. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு புதிய திட்டத்தைத் தொடங்கியது. விவசாயிகளின் பங்களிப்போடு சங்கங்களே வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பெயருக்குச் சங்கம், வேலைக்கு ஒப்பந்தக்காரரின் பொக்லைன் என்ற புகார் பல இடங்களில் எழுந்தது. புகார் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருப்பார்கள்?

நகரம் நமக்குக் கற்றுக்கொடுத்தது

நகரத்தில் கதை இன்னும் சுருக்கம். 1920களில் மாம்பலம் நீள்ஏரியின் மேல் தியாகராய நகர் எழுந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரியில்தான் அமைந்திருக்கிறது. நீரின்றி அமையாது உலகு என்றவருக்கு ஏரிக்குள் கோட்டம் கட்டியபோது நாம் வரிசையில் நின்று பார்த்து மகிழ்ந்தோம். ஏரி போனதும் அதன் பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொண்டோம்.

பள்ளிக்கரணையில் சதுப்புநிலத்தின் விளிம்பில் மாநகராட்சி குப்பை கொட்டியது. நாமும் கொட்டினோம். நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை விளக்குகிறது. சுவரில் கிறுக்கல் இல்லாத சந்தில் நிறுத்திய சைக்கிள்களில் துண்டுத்தாளைச் செருகிவைத்தபோது, அதைக் கீழே போட்டவர்கள் 33 விழுக்காடு. அதே சுவரில் கிறுக்கிவைத்த பிறகு 69 விழுக்காடு. பிறர் விதியை மீறிய தடயம் கண்ணில் பட்டாலே நம் கை தளர்ந்துவிடுகிறது. நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. மதில் ஓரத்தில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டும் வழக்கமே நமக்குச் சூழல்–நடத்தை சூத்திரம் நன்றாகத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி. தெரிந்தும், பக்கத்திலேயே ஒரு கழிப்பறை கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றாததுதான் நம் அலட்சியம்.

சூழலை மாற்றினால் இதே நாம் வேறு மாதிரி நடப்போம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கெடு குறித்து, வீடு வீடாகப் பார்த்து, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். செய்தோம். சில மாதங்களில் மாநிலமே செய்தது. தேசபக்தியோ சூழல் அக்கறையோ அந்தச் சில மாதங்களில் திடீரென்று பெருகிவிடவில்லை. பொறுப்பு வீட்டுக்கு வீடு பிரிந்தது, அவ்வளவுதான். பிறகு பார்க்க ஆள் வரவில்லை. தொட்டியில் மண் அடைத்தது, குழாயில் விரிசல் விட்டது, நாமும் விட்டுவிட்டோம்.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத அதே சென்னை, முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் சேர்த்தது. மீனவர்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். பள்ளிவாசல்களும் கோயில்களும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. இளைஞர்கள் தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு உணவுப் பொட்டலம் கொண்டுபோனார்கள். யார் எந்தத் தெரு என்று எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். வகுத்தல் கணக்கைத் தானாகவே செய்த நாட்கள் அவை. தண்ணீர் வடிந்ததும் நாம் அந்தப் பட்டியலைக் கிழித்துப்போட்டோம். ஊர் முழுக்கக் கிடந்த குப்பையை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள். அவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று பெரும்பாலான வீடுகள் விசாரிக்கவில்லை. நீர்க்கட்டிக்குச் செய்ததையே அவர்களுக்கும் செய்தோம்.

அடுத்து நடந்தது நம் சரித்திரத்தில் எழுதிவைக்க வேண்டிய அலட்சியம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை கவுன்சிலர்கள் இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் வார்டுக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் ஒரு முழுப் பதவிக்காலமே கழிந்தது. அந்த இடைவெளியில்தான் 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. ரயிலைப் படம் எடுத்தோம். தேர்தல் எங்கே என்று கேட்டுத் தெருவில் இறங்கவில்லை. ஒருவழியாக 2022இல் தேர்தல் வந்தபோது சென்னையில் 44 விழுக்காடு வாக்குகள்கூடப் பதிவாகவில்லை. முதல்வர் யார் என்று தீர்மானிக்க வரிசையில் நிற்கும் நாம், வாய்க்காலைத் தூர்வாரும் ஆள் யார் என்று தீர்மானிக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

வகுத்தவர்கள்

பொதுச்சொத்து என்றால் அழிந்தே தீரும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படி விதி ஒன்றும் இல்லை என்று உலகம் முழுக்க உதாரணங்களைத் திரட்டிக் காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில், குளிர்காலத்தில் தீவனம் போட்டு வளர்க்க முடிகிற அளவு மாடுகளைத்தான் ஒருவர் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517லேயே விதி எழுதினார்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் தகராறுகளைத் தீர்க்க விவசாயிகளே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடுகிறார்கள். வக்கீல் கிடையாது, வாய்மொழி விசாரணை, அங்கேயே தீர்ப்பு.

வலென்சியா பெரிய நகரம். அங்கே கூட்டம் சிறியதாக இல்லை, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்ட்ரம் வகுத்த கோட்பாடுகளில் இது முக்கியமானது. பெரிய அமைப்புக்குள் சிறிய அமைப்பு, அதற்குள் இன்னும் சிறியது என்று அடுக்கடுக்காக இருக்க வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று தெளிவாக இருக்க வேண்டும். விதிக்குக் கட்டுப்படுகிறவருக்கு அதை மாற்றும் உரிமை இருக்க வேண்டும். கண்காணிப்பவர் அந்த மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது கோட்பாடு நம் பழைய குடிமராமத்தில் இல்லாதது. மற்றவை இருந்தும் நாம் தொலைத்தவை.

தொலைத்ததைத் திரும்பக் கட்டுவதற்கான கட்டமைப்பு இன்று சட்டத்திலேயே இருக்கிறது. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். நகரங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022இல் வந்துவிட்டன. நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்காரத்தான் நாம் போகவில்லை.

போனால் என்ன கேட்பது? ஏரியை மீட்க வேண்டும் என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது மறுபடியும் ஏழு கோடிப் பேரின் தலையில்தான் விழும். கேள்விகளைச் சிறிதாக்க வேண்டும். இந்த ஏரியின் மடையைத் திறப்பவர் பெயர் என்ன? அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, யார் தருகிறார்கள்? வரத்துக்காலின் எந்தப் பகுதியை எந்தத் தெரு பார்த்துக்கொள்கிறது? மீன் ஏலத்தில் வந்த பணம் எவ்வளவு, அதில் கரைக்குச் செலவானது எவ்வளவு? நிலமில்லாதவரும் பெண்களும் குழுவில் எத்தனை பேர்? பதிலை மதகின் மேல் பெயிண்டில் எழுதிவைக்க வேண்டும், கைப்பேசி எண்ணோடு. கணக்கை அடுத்த சபையில் வாசிக்க வேண்டும். வாசிக்காதவர் மறுபடி குழுவில் வரக் கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு விதியைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கரையைக் காப்பவருக்குச் சம்பளம். சாதியால் வந்த கடமையாக அது இருந்த காலம் முடிந்தது. தன்னார்வத் தொண்டாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்து முடிக்கும் வேலையும் அது இல்லை. மழைக்கால இரவில் கரையில் நடப்பவருக்கு ஊரும் உள்ளாட்சியும் சேர்ந்து நல்ல சம்பளம் கொடுத்தால்தான் அந்த ஏரியை நம்முடையது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதுவரை ஆக்கிரமிப்பாளரைப் பற்றி நாம் போடும் கூச்சலில் பாதி, நம் கூலி பாக்கியை மறைக்கப் போடும் கூச்சல்தான்.